பாதிப் பக்கம் படிச்ச செகரட்டரிக்கு

வா தம்பி, திண்ணையில உட்காரு. மாடம்பாக்கம் ஏரிப்பக்கம் உங்க அப்பார்ட்மென்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற காலி மனையில, கத்திரி வெயில்ல, மத்தியான நேரத்துல காய்ஞ்ச புல்லுக்குத் தீ வச்சியாமே? கேட்டா, "ஆஸ்திரேலியாவுலயே சித்திரை, வைகாசியில காட்டுக்குத் தீ வைக்கிறாங்க பெரியவரே"ன்னியாம். படிச்ச புள்ள. என்ன, பாதிப் பக்கம்தான் படிச்சிருக்க.

அந்த நாட்டோட வடக்குக் கோடியில, டார்வின் பக்கம், தைல மரக் காடு. நம்ம ஊர்த் தோப்பு மாதிரி நெருக்கி நட்டது இல்ல. விட்டு விட்டு மரம், நடுவுல ஆளுயரப் புல்லு. அங்க கார்த்திகையில பிடிக்கிற மழை பங்குனியோட ஓயும். அதனால சித்திரை, வைகாசியில புல்லு இன்னும் பாதிப் பச்சை. பூர்வகுடிங்க அப்பதான் தீ வைப்பாங்க. தாழத் தாழ எரியும், ஈரத் தரை வந்தா நின்னுபோவும், ராத்திரிப் பனியில தானா அணையும். எரிஞ்ச திட்டும் எரியாத திட்டுமா காடு கலந்து கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில கிளம்புற பெருந்தீ, கருகின திட்டுல வந்து தின்ன ஒண்ணும் இல்லாம அடங்கும். பெருந்தீ அடங்கினா புகை குறையும்ங்கிற கணக்கைப் பார்த்துட்டு, 2006-ல ஒரு எரிவாயு கம்பெனியே அதே வடக்குல இருக்கிற மேற்கு ஆர்னெம் லேண்டுல தீ வைக்கப் பணம் தர ஒப்பந்தம் போட்டுச்சு. உனக்கு எந்த கம்பெனி தருது?

நமக்கு மழை மார்கழியோட முடிஞ்சுபோச்சு தம்பி. மாசம் ஒண்ணுதான், மண்ணு வேற.

அந்தத் தைல மரமும் லேசுப்பட்டது இல்ல. இலை பூரா எண்ணெய். சில ஜாதியில பட்டை நாடா நாடாவா உரிஞ்சு, கங்கோட காத்துல பறந்து தூரத்துல போய்ப் பத்த வைக்கும். ஊரை எரிச்சுட்டு, தான் மட்டும் பட்டைக்கடியில ஒளிச்சு வச்ச மொட்டுலேருந்து தழைச்சுக்கும். கரையான் உள்ளே அரிச்ச மரந்தான் பாவம். புகைபோக்கி மாதிரி நின்னு எரியும். இந்த இனத்தைத்தான் 1843 வாக்குல வெள்ளைக்காரங்க விறகுக்குன்னு நீலகிரிக்குக் கொண்டாந்தாங்க. அந்த மலையில ஏற்கெனவே இருந்த புல்வெளியை யாரும் கேக்கல.

அவ்ளோ தூரம் எதுக்குப் போவணும்? பிலிகிரிரங்கன் மலைச் சோளகப் பழங்குடிங்க கோடை முத்துறதுக்கு முன்னாடியே சருகை எரிச்சு வந்தவங்க. 1974-ல சரணாலயமாச்சு, தீயும் நின்னுபோச்சு. இப்ப உண்ணிச்செடி ஆளை மறைக்குது. தீ நின்னதுதான் காரணம்னு அவங்க பெரியவங்க சொல்றாங்க. அதிகாரிங்க கேட்டாங்களான்னு என்னைக் கேக்காத.

குரங்கணியைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கிண்டல் வராது. 2018 மார்ச் 11, மாசி முடியுற நேரம். தேனி மலையில இறங்கிக்கிட்டிருந்த புள்ளைங்க, நம்ம சென்னைப் புள்ளைங்களும் சேர்த்து, காய்ஞ்ச புல்லு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. இருபதுக்கும் மேல உசுரு போச்சு. புல்லுத் தீ மேட்டைப் பார்த்துத்தான் பாயும். மேட்டுல மனுசன் அது வேகத்துக்கு ஓட முடியாது.

சரி, உன் மனைக்கு வருவோம். புல்லோட சேர்ந்து பால் கவரும் சாம்பார் பார்சல் பையும் எரிஞ்சுச்சே, அது வாசனை தெருக்கோடி வரைக்கும் வந்துச்சு. திறந்தவெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபா, மொத்தமா எரிச்சா 25,000 ரூபா அபராதம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2016-லயே சொல்லியாச்சு. மெயின்டனன்ஸ் மீட்டிங்ல எந்தக் கணக்குல எழுதுவ?

வேற வழி இருக்கு. எங்கிட்ட நாலு ஆடு நிக்குது. எரியாத புல்லு மொட்டையாவும், புகை வராது, தீப்பெட்டியும் மிச்சம். கூலி வேணாம். பிளாஸ்டிக்கை மட்டும் முன்னாடியே பொறுக்கிடு, ஆடு தின்னா செத்துப்போவும். தொட்டியில தண்ணி ஊத்தி வை, நாளைக்குக் காலையில கேட்டைத் திற.