தூக்கமும் தூக்க நிமித்தமும்: நாய்க்குட்டியின் உரிப்பொருள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அக இலக்கணம் திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொல்கிறது. இரண்டு மாத நாய்க்குட்டி குடியிருக்கும் வீட்டுக்கும் இம்மூன்றும் பொருந்தும். இலக்கண ஆசிரியர்கள் இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவர்கள் காலத்து நாய் வாசலுக்கு வெளியே கிடந்ததாக இருக்கலாம். அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் நாய் வளர்க்கும் நாம் அந்த விடுபாட்டை நிரப்பியாக வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குட்டியின் பெயர் ஜிம்மி. சென்னைத் தெருவில் பிறந்த கறுப்பு நாட்டுக்குட்டி, ஆண். இந்த வயதுக் குட்டி நாளொன்றுக்குப் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தூங்கும். சாப்பாடு, விளையாட்டு, செருப்புக் கடித்தல், சிறுநீர் ஆகிய துறைகள் அனைத்தும் மிச்சமுள்ள நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதில் வியப்பில்லை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். சோபா குறிஞ்சி, உயர்ந்த இடமாதலால். பால்கனித் தொட்டிச் செடிகள் முல்லை. குளியலறை வாசல் மருதம், எப்போதும் ஈரம் காணப்படுவதால். கால்மிதி நெய்தல், அங்கே நிகழ்வதைக் கண்டோர் இரங்கலே அதற்குச் சான்று. குட்டிக்கென்று மூலையில் விரித்து வைத்த செய்தித்தாள் பாலை. அந்த வறண்ட நிலத்தில் எதுவும் நிகழ்வதில்லை.

கால்மிதிக்கு இந்தச் சிறப்பு ஏன் வந்தது? குட்டியின் பாதம், மெத்தென்று உறிஞ்சும் தரை எது என்பதைப் பிறந்த சில வாரங்களிலேயே படித்துவிடுகிறது. எட்டு ஒன்பது வாரத்தில் அந்த விருப்பம் ஊன்றிவிடும். ஒருமுறை நனைந்த இடத்தின் வாசனை மறுமுறை அழைக்கும். சாதாரணமாகத் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் அந்த வாசனை மறையும், குட்டியின் மூக்குக்கு மறையாது. அம்மோனியா கலந்த திரவத்தால் துடைப்பவர், சிறுநீரின் வாசனையைச் சிறுநீரின் வாசனையாலேயே புதுப்பிக்கிறார். (செய்தித்தாளிலும் தரம் உண்டு. தலையங்கப் பக்கம் நன்றாக உறிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை வழவழப்பு இணைப்பு சொட்டுக்கூட உறிஞ்சாது.)

பொழுது என்றால் பிறருக்கு ஆறு சிறுபொழுது. குட்டிக்கு விழித்ததும், உண்டதும், ஆடியதும் என மூன்றே. இவற்றுள் விழித்ததும் என்பதே தலையாயது. தூங்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்துகொண்டே இருக்கும். உடலும் எப்படியோ பொறுத்துக்கொள்ளும். கண் திறந்ததும் அந்தப் பொறுமை முடிந்துவிடும். வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால் வருவதே அதிகபட்சம் தாங்கும் மணி நேரம் என்று பழக்குவோர் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். அதன்படி ஜிம்மிக்கு மூன்று மணி. வாய்பாடு ஜிம்மிக்குத் தெரியாது என்பதே அதன் குறை. நாலு மாதம், ஆறு மாதம் ஆகும்வரை அடக்கும் தசைக்கே முழு வலு வராது. இதைப் பிடிவாதம் என்போர் தசையைப் பார்த்துக் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே உரிப்பொருள் தூக்கமும் தூக்க நிமித்தமும் என்க. நிமித்தம் என்றது சிறுநீரை.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு பிறவியிலேயே தொடங்குகிறது. பிறந்த குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கித் தூண்ட வேண்டும். தூண்டியவள் அதை அங்கேயே துடைத்து உண்டும் விடுவாள். ஏறத்தாழ மூன்று வாரம் இப்படியே போகும். அந்தக் காலத்தில் குட்டிக்குக் கண் திறப்பதே இரண்டாம் வார வாக்கில்தான். தூங்கிக்கொண்டே இருந்தது, படுக்கை நனையவில்லை, யாரோ பார்த்துக்கொண்டார்கள். இந்த அனுபவத்தோடு வந்த ஜிம்மி, ஹாலில் குளம் கட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது என்றால், வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்பதாகவும் கொள்ளலாம்.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நாடியான சிக்கலுக்கு வருவோம். அது வட்டமிடல்.

நாய்க்குட்டி படுக்குமுன் வட்டமிடும். ஒதுங்குமுன்னும் வட்டமிடும். முன்னதைப் படுப்பு வட்டம் என்றும் பின்னதை ஒதுங்கு வட்டம் என்றும் இங்கே வழங்குவோம். படுப்பு வட்டம், புல்லை மிதித்துப் பரப்பிப் படுத்த முன்னோரின் பழக்கம் என்பர். மொசைக் தரையில் மிதித்துப் பரப்ப என்ன இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவர். அதில் மூக்கு வாலைத் தேடும், முதுகு வளையும், வட்டம் சிறிது, இடம் மாறாது. சில வேளை முன்னங்கால் தரையைப் பிறாண்டும். ஒதுங்கு வட்டத்தில் மூக்கு தரையோடு ஒட்டியிருக்கும், வட்டம் அகன்றுகொண்டே போகும், மையம் நகரும். ஆடிக்கொண்டிருந்தது திடீரென்று ஆட்டத்தை விட்டுவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்தாற்போல் மனிதரை விட்டு விலகிப்போகும்.

இலக்கணம் இவ்வளவு தெளிவாக இருக்க, வழக்கில் குழப்பம் ஏன்? தூக்கம் சொக்கும் குட்டி முதல் வகையில் தொடங்கி இரண்டாம் வகையில் முடித்துவிடும். படுக்க வந்தது, பாதி வட்டத்தில் வேறொன்று நினைவுக்கு வந்தது. போதாக்குறைக்கு இந்த வயதில் ஆண் குட்டியும் காலைத் தூக்காது, குந்தியே கழிக்கும்; காலைத் தூக்குவது பல மாதம் கழித்து. குந்துவதும் தூக்கக் கலக்கத்தில் உட்காருவதும் பார்வைக்கு ஒன்றே. இரண்டில் எது என்று ஆய்வாளர் முடிவுக்கு வருமுன் சான்று தரையில் பரவிவிடுகிறது.

இதனினும் நுண்ணியது மாலை நேரத்து வெறி. ஏழு மணிக்கு மேல் ஜிம்மி ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும், கணுக்காலைக் கடிக்கும், திரைச்சீலையில் தொங்கும். ஆட்டம் போதவில்லை என்று வீட்டார் பந்தை எடுக்கிறார்கள். உண்மையில் போதாதது தூக்கம். தூக்கம் போதாத பிள்ளை அழுது அடம்பிடிப்பது போலத்தான் இதுவும். முதலில் கீழே கொண்டுபோய், பிறகு இருட்டில் விட்டால், சற்று நேரத்தில் குறட்டை கேட்கும்.

கீழே கொண்டுபோவது தனித் துறை. விழித்த குட்டி முன்னங்காலை நீட்டிப் பின்னுடலை உயர்த்திச் சோம்பல் முறித்து ஒரு கொட்டாவி விடும். ஆய்வாளருக்கு உள்ள கால அவகாசம் அந்தக் கொட்டாவி மட்டுமே. நடத்திக்கொண்டு போனால் லிஃப்ட் வருமுன் காரியம் முடியும். கையில் தூக்கிக்கொண்டால் பெரும்பாலும் பொறுக்கும். புங்கமரத்தடியில் இறக்கிவிட்டால் ஜிம்மி கண்ணை மூடிக்கொள்கிறது. “சார், அது நின்னுக்கிட்டே தூங்குது சார்” என்பது வாட்ச்மேன் உரை. மேலே வந்ததும் லிஃப்டின் குலுக்கலில் முழு விழிப்பு வந்து, நெய்தல் நிலம் நோக்கி நேரே போகிறது. இது சதி என்பது பாட்டி கட்சி. நம் கட்சி அதுவன்று. உறக்கம் கலையாத உடல் கீழே தொடங்கவேயில்லை, அவ்வளவே. மண்ணில் இறக்கிப் பத்தடி நடக்கவிட்டு, பேசாமல் நிற்க வேண்டும். முடித்ததும் அந்த இடத்திலேயே பாராட்டும் பிஸ்கட்டும் தர வேண்டும். வீட்டுக்குள் வந்து தரும் பிஸ்கட், வீட்டுக்கு வந்ததற்கான பரிசாகிவிடும்.

வெளிநாட்டார் ஆய்வும் உண்டு. செக், ஜெர்மானிய ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டாண்டு பின்தொடர்ந்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக உள்ள வேளையில் அவை வடக்கு தெற்காக நின்று கழிக்க விரும்புகின்றன என்று 2013இல் வெளியிட்டனர். மறு ஆண்டே இக் நோபல் பரிசு கிடைத்தது. நம் வாஸ்துக்காரர்கள் கழிப்பறைக் கோப்பையை வடக்கு தெற்காக வைக்கச் சொல்லிப் பரிசு எதுவும் பெறவில்லை. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஏறத்தாழ 21 விநாடி எடுக்கின்றன என்று 2014இல் அமெரிக்காவில் டேவிட் ஹூ குழுவினர் கண்டனர். ஜிம்மி மூன்று கிலோவுக்குக் கீழ். விதி அதைக் கட்டுப்படுத்தாது.

மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய் என்னும் பழைய மாமா மரபு ஒன்று உள்ளது. அது பொருந்தாது. போன நிமிடத்துக் காரியத்தையும் இந்த நிமிடத்து மூக்கையும் குட்டி இணைப்பதில்லை. அடுத்த முறை சோபாவின் பின்னால் போக மட்டும் கற்கும். தப்பு செய்த முகம் தெரிகிறதே என்பாருக்கு: அந்த முகம் செய்த குற்றத்தால் அல்ல, நாம் திட்டுவதால் வருவது என்று 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துக் காட்டிவிட்டார்.

நடைமுறைக்கு ஒரு விதி வகுப்போம். வட்டம் எது என்று ஐயம் எழுந்தால் ஒதுங்கு வட்டம் என்றே கொள்க. பிழையானால் நட்டம் ஒரு லிஃப்ட் பயணமும், உறக்கம் கெட்ட ஒரு குட்டியும். “ஏண்டா, தூங்க வந்ததைத் தூக்கிக்கிட்டு ஓடுறே?” என்று பாட்டி மறுக்கிறார். கால்மிதியை எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்பது அவர் துணிபு. எடுத்தாயிற்று. சிக்கல் பாதி தீர்ந்தும் விட்டது. விருந்தினர் இப்போது சேற்றுக் காலோடு உள்ளே வருகிறார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.