பேப்பர் போட்டாச்சா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. இனிப் பேப்பர் மழைதான். எழுதக் கிளம்பும் ஆய்வு மாணவர்களுக்கு முதல் யோசனை: கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறாதீர்கள். வெயில், குரங்குத் தொல்லை வேறு. உச்சியிலுள்ள களஞ்சியத்தையும் ரங்கநாதர் கோயிலையும் கூகுளில் பார்த்துக்கொள்ளலாம். கட்டுரையை அச்சிடப்போகிறவர் கேட்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும்தான்.

சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் வரலாற்றை ஒரே தடித்த நூலாக எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்டது. பிழைக்கத் தெரியாத மனிதர். பதினைந்து துண்டாக நறுக்கியிருந்தால் பதினைந்து பேப்பர் கணக்கில் ஏறியிருக்கும். அவர் விட்ட வேலையை நீங்கள் முடியுங்கள்.

திருட்டு பிடிபடுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. ஆகவே 'கோட்டை' வரும் இடமெல்லாம் 'அரண்' போடுங்கள். 1714-இல் போரில் மாண்ட செஞ்சியின் ராஜா தேசிங்கு, 'மன்னர் தேசிங்கு இயற்கை எய்தினார்' என்று இரங்கல் அறிவிப்பு பாணியில் இன்னொரு முறை சாகட்டும். மென்பொருள் அசந்துவிடும். முதல் பெயர் நெறியாளருடையதாக இருக்கட்டும். அவர் கோட்டை வாசலில் டிக்கெட்கூட வாங்கியதில்லை என்பது நமக்கெதற்கு?

முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஏறக்குறைய எட்டாண்டு காத்துக் கிடந்தார். 'சர்வதேசப் பன்முக ஆய்விதழ்' என்று வாட்ஸ்அப்பில் கூவும் இதழுக்குள் நுழைய இரண்டு நாள் போதும். மதிப்பீட்டாளர் இருவர் படித்தார்களாம். ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை. 2013-இல் ஜான் பொகானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் இரு கைநீட்டி வாங்கிக்கொண்டன. ஆய்விதழ் என்ற பெயரில் ஏமாற்றியதற்காக ஐதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்புக் குழுமத்தை 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம். அமெரிக்காவுக்கு வந்த ரோஷம் டில்லிக்கு வரவில்லை.

மாணவரைத் திட்டி என்ன பயன்? இந்தச் சந்தைக்குப் பந்தல் போட்டதே யுஜிசி. ஆய்வேடு தருமுன் இதழில் ஒரு கட்டுரையாவது வந்தாக வேண்டும் என்று 2016-இல் விதி செய்தது. அடுத்த ஆண்டு தானே ஒரு பட்டியல் வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கி எறிந்தது. உள்ளே விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2022-இல் கட்டுரைக் கட்டாயமும் போயிற்று; 2025 பிப்ரவரியில், பழைய பட்டியலுக்குப் பதிலாக வந்த 'கேர்' இதழ்ப் பட்டியலையும் கைகழுவி, இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. "பேப்பர் போட்டாச்சா?" என்று துறையில் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

இதழ்க்காரர் பைக்குப் போவது, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அப்பன் நெல் மூட்டை போட்டு வாங்கிய காசு. ராஜகிரியில் நிஜமாகவே ஏறி, கல்லைத் தொட்டு, அளந்து எழுதும் பெண்ணும் அதே கட்டணத்தைக் கட்டி அதே குப்பையில் அச்சேறுகிறாள்.

அரசாங்கப் பட்டியலை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு அந்தத் தொகையை யுஜிசி வட்டியோடு திருப்பித் தரட்டும்.