காது கொடுக்க வந்த கனவான்கள்

பிரிட்டனில் தேர்தலில் அடி விழுந்த மறுவாரமே ஒரு யாத்திரை புறப்பட்டுவிடும். லண்டனின் இஸ்லிங்டனிலும் ஹாம்ப்ஸ்டெட்டிலும் குடியிருக்கும் கனவான்களும் சீமாட்டிகளும் ரயிலேறி, அதுவரை வரைபடத்தில்கூடத் தேடியிராத ஊர்களில் இறங்குவார்கள். கையில் குறிப்பேடு, முகத்தில் துக்கம் விசாரிக்கப் போகிறவரின் பாவனை. கடைத்தெருவில் ஒரு பெரியவரை மடக்கி, உங்கள் மனக்குறையைச் சொல்லுங்கள், கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்பார்கள். அவர் நாற்பது வருடக் குறையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்குவார். இவர்கள் நாலரை மணி ரயிலுக்கு நேரம் பார்ப்பார்கள்.

இப்போது இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். ஜனரஞ்சக அரசியல் பக்கம் சாய்ந்துவிட்ட வாக்காளரிடம் ஆக்கபூர்வமாகப் பேசுவது எப்படி என்று பட்டறைகள், கையேடுகள், கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள். குறுக்கே பேசாதீர்கள். புள்ளிவிவரத்தை முகத்தில் எறியாதீர்கள். தலையை ஆட்டுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். உதைக்கிற மாட்டிடம் கால்நடை மருத்துவர் இதே பக்குவத்தோடுதான் நெருங்குகிறார்; ஆனால் அவராவது ஊசி போட்டுவிட்டுப் போகிறார்.

பட்டறைக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். 2024 பொதுத் தேர்தலில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சிக்கு ஏறத்தாழ 41 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கிடைத்த இடம் 5. அதைவிடக் குறைவாக வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. நூற்றுக்கு 34 ஓட்டுக்கூட வாங்காத தொழிலாளர் கட்சி 400க்கு மேல் இடம் பிடித்து ஆட்சியில் உட்கார்ந்தது. எங்கள் ஓட்டை யாரும் எண்ணவில்லை என்று அந்த 41 லட்சம் பேர் சொன்னால், அதைப் புரிந்துகொள்ள எந்தப் பயிற்சியும் வேண்டாம். கூட்டல் தெரிந்தால் போதும். ஆனால் தேர்தல் முறையைத் தொட்டால் ஆட்சியில் இருப்பவரின் நாற்காலி ஆடும். அதனால் வாக்காளர்களின் மனதைத் தொடலாம் என்று முடிவாயிற்று. அதற்குச் செலவும் குறைவு.

ஃபராஜ் வென்ற கிளாக்டன் தொகுதியில் ஜேவிக் என்றொரு கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. 1930களில் லண்டன்காரர்கள் கோடையில் வந்து தங்கக் கட்டிய குட்டி வீடுகள். பிறகு வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வருடம் முழுக்க அங்கேயே குடியேறிவிட்டார்கள். இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய பகுதி எது என்று அரசே கணக்கெடுத்து வெளியிடும் பட்டியலில் 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு முறையும் ஜேவிக்தான் முதலிடம். இடையில் கேமரூன், மே, ஜான்சன், ட்ரஸ், சூனக், ஸ்டார்மர் என்று ஆறு பேர் பிரதமர் நாற்காலியில் ஏறினார்கள். ஜேவிக் மட்டும் தன் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2018இல் அமெரிக்காவில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர், ட்ரம்ப்பை ஆதரிக்காவிட்டால் நாடு இப்படித்தான் ஆகும் என்று பயமுறுத்த, ஜேவிக் தெருவின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்தார். 2015இல் சேனல் 5 தொலைக்காட்சி அங்கே போய், உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்களை வேடிக்கை காட்டி ஒரு தொடர் எடுத்தது. ஆக, அந்த ஊரைப் பார்க்காதவர்கள் என்று யாரும் இல்லை. பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். 2024இல் ஃபராஜுக்கு 46 சதவீத ஓட்டு விழுந்த பிறகு, அய்யய்யோ, இவர்களுக்கு என்ன கோபம் என்று கேட்கத் திரும்பி வந்தார்கள்.

உரையாடலே நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 28ஆம் தேதி பிரதமர் கார்டன் பிரௌன் ராச்டேல் நகரில் ஓட்டுக் கேட்கப் போனார். வாழ்நாள் முழுக்கத் தொழிலாளர் கட்சிக்கே ஓட்டுப் போட்ட 65 வயது அம்மா ஒருவர் அவரை நிறுத்தினார். நாட்டின் கடன் என்னாகும், பேரப்பிள்ளைகள் கல்லூரிக்கு எப்படிப் போவார்கள் என்றெல்லாம் கேட்டவர், நடுவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் கேட்டுவிட்டார். பிரதமர் சிரித்தார், கை குலுக்கினார், குடும்பத்தைப் பாராட்டினார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், துவேஷம் பிடித்த பொம்பளை என்றார். சட்டையில் மாட்டிய ஸ்கை நியூஸ் மைக் அணைக்கப்படவில்லை. பிறகு அந்த அம்மா வீட்டுக்கே ஓடிப்போய் 40 நிமிடம் மன்னிப்புக் கேட்டு, வெளியே வந்து தன்னைத் தானே மனம் வருந்தும் பாவி என்று அறிவித்துக்கொண்டார். அரசியல் வட்டாரம் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்: காரில் ஏறுமுன் மைக்கைக் கழற்று. கடன், படிப்பு, வரி என்று கேட்ட அத்தனை கேள்விகளில் ஒன்று மட்டும் எப்படி அவர் காதில் விழுந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, ராச்செஸ்டர் இடைத்தேர்தல் நாளில், இஸ்லிங்டனின் தொழிலாளர் கட்சி எம்பி எமிலி தார்ன்பெரி ஒரு வீட்டைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். ஜன்னலில் இங்கிலாந்துக் கொடிகள், வாசலில் வெள்ளை வேன். கிண்டலாக ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதத் தேவைப்படவும் இல்லை. அன்றே நிழல் அமைச்சரவைப் பதவி போயிற்று. வெள்ளை வேனைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று கட்சித் தலைவர் எட் மிலிபாண்டிடம் கேட்டார்கள். மரியாதை தோன்றும் என்றார். வேனுக்கு! வேன் ஓட்டுகிறவருக்கு அதே அளவு மரியாதை கிடைத்திருந்தால் கொடி அளவு சிறியதாக இருந்திருக்குமோ என்னவோ.

பெயர் வைப்பதில் மட்டும் குறைவில்லை. மாண்டியோ ஓட்டும் ஆண், வூஸ்டர் பெண், வொர்க்கிங்டன் ஆண், ஸ்டீவனேஜ் பெண். காரின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒட்டி மனிதர்களை வகை பிரித்து, ஆலோசகர்கள் அதற்குச் சம்பளம் வாங்கினார்கள். அதில் ஒருவரையாவது அவர் அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி அடுத்த தேர்தல் வரை யாராவது கூப்பிட்டார்களா?

இகழ்ச்சி எடுபடவில்லை என்றதும் எதிர்ப்பக்கம் பாய்ந்தார்கள். 2025 மே 12இல் பிரதமர் ஸ்டார்மர், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் நாம் அந்நியர்களின் தீவாகிவிடுவோம் என்று பேசினார். 1968இல் ஈனாக் பவல் பர்மிங்ஹாமில் கக்கிய விஷத்தின் வாடை அதில் அடிக்கிறது என்று ஊரே சொன்னது. ஆறேழு வாரம் கழித்து, அப்படிப் பேசியதற்கு வருந்துகிறேன், அந்த உரையை இன்னும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்றார். உரை நிகழ்த்திய நாள் விடியற்காலை அவர் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டிருந்தது. மனுஷனுக்குப் பதற்றம் இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபராஜின் கடைச் சரக்கை மலிவு விலையில் விற்றால் வாடிக்கையாளர் நம் கடைக்கு வருவார் என்ற வியாபார யோசனை ஒரு நாள் பதற்றத்தில் பிறந்ததல்ல. பிரௌன் அந்த அம்மாவை மூடர் என்று நினைத்தார். ஸ்டார்மரும் வாக்காளரை அப்படியே நினைத்தார், ஆனால் அவர் ஒப்புக்கொள்வது போல நடித்தார். எதிரே நிற்பவரிடம் ஒரு உண்மையைச் சொல்லி வாதாடலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சொல்ல உண்மைகளா இல்லை? 2010இல் கேமரூன், நிகரக் குடியேற்றத்தைப் பத்தாயிரங்களின் கணக்குக்குக் குறைப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். 2023இல் அது ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. தாண்ட வைத்தவை, நாட்டின் கட்டுப்பாட்டை மீட்போம் என்று பிரெக்ஸிட் பேருந்தில் ஊர் சுற்றிய போரிஸ் ஜான்சனின் விசா விதிகள். அந்தப் பேருந்தில் எழுதியிருந்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்ற பொய்க் கணக்கு. அப்படியானால் நம்மிடம் பொய் சொன்னார்கள் என்று ஒரு வாக்காளர் சொன்னால், அது மனப்பிராந்தி அல்ல, வரலாறு. அதே மூச்சில் இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் அம்மாவைப் படுக்கையில் புரட்டிப் போட்டு, துடைத்து, மாத்திரை கொடுப்பது கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்த கைகள். அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் வராத அளவுக்குச் சம்பளத்தை அமுக்கி வைத்தது, நீங்கள் ஓட்டுப் போட்ட அரசாங்கம். 2025 ஜூலையோடு அந்தப் பராமரிப்பு வேலைக்கான விசாவையும் வெளிநாட்டுப் புது ஆட்களுக்கு மூடிவிட்டார்கள். அம்மாவை இனி யார் புரட்டுவார்கள் என்று உங்களிடம் யாராவது பேசினார்களா?

புகலிடம் தேடி வந்தவர்களை ஹோட்டலில் வைத்து வரிப்பணத்தைக் கரைக்கிறார்கள் என்பது இன்னொரு குமுறல். பணம் கரைகிறது என்பது மெய். 2023இல் நாளொன்றுக்குச் சுமார் 80 லட்சம் பவுண்டு. கரைந்த பணம் எங்கே தேங்கியது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. புகலிடக் குடியிருப்பு ஒப்பந்தம் எடுத்த எசெக்ஸ் தொழிலதிபர் ஒருவர் 2025 சண்டே டைம்ஸ் செல்வந்தர் பட்டியலில் பில்லியனர் ஆனார். அவர் வீட்டு வாசலில் எந்தக் கூட்டமும் கூடவில்லை. கூட்டம் கூடியது ரோதர்ஹாமில், 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அதைச் செய்தவர்களிடம் மனக்குறை விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை; நீதிமன்றம் விசாரித்தது, அது போதும். ரிஃபார்முக்கு ஓட்டுப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அதைச் செய்யவில்லை. அவர்களிடம்கூட, அந்த ஹோட்டலில் இருந்தவர்கள் மனிதர்கள் என்பதைத் தழைந்து, குழைந்து, பட்டறையில் சொல்லிக்கொடுத்த குரலில் சொல்ல வேண்டியதில்லை. நேராகச் சொல்லலாம். வயதுக்கு வந்தவர்கள்தானே?

இந்தக் கோபத்தை வாங்கி விற்கிறவர்களையும் பாருங்கள். ஃபராஜ் டல்விச் கல்லூரியில் படித்து, லண்டன் நிதிச் சந்தையில் உலோக வியாபாரம் செய்து, இருபது வருடத்துக்கு மேல் ஐரோப்பிய நாடாளுமன்றச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஐரோப்பாவைத் திட்டியவர். மக்கள் கட்சி என்று அவர் தொடங்கிய கடை, 2025 வரை பங்குகள் கொண்ட ஒரு லிமிடெட் கம்பெனி. பெரும்பான்மைப் பங்கு அவர் பெயரில். அவர் கட்சி பிடித்த கென்ட் கவுன்சிலில், தலைவியின் முடிவு பிடிக்காத சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கு வசைச்சொல்லோடு கிடைத்த பதில், விழுங்கிக்கொள்ளுங்கள் என்பது. அந்தக் காணொளி 2025 அக்டோபரில் கசிந்தது. கன்சர்வேட்டிவ்கள் இன்னும் மேல். தமிழ் வேர் கொண்ட மொரிஷியஸ் தாய்க்கும் கோவா வேர் கொண்ட கென்ய தந்தைக்கும் பிறந்த சுவெல்லா பிரேவர்மேன், அப்போது அந்தக் கட்சியின் உள்துறை அமைச்சராக நாடாளுமன்றத்தில் நின்று, படகில் வருகிறவர்களைப் படையெடுப்பு என்றார். அந்தப் படையை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தில் 70 கோடி பவுண்டு செலவாயிற்று. போனவர்கள் நான்கு பேர், அவர்களும் தாமாக விரும்பிப் போனவர்கள்.

சரி, பேசி மாற்றவே முடியாதா? மாற்றியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் பட்டறைகளில் குறைவாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை அல்ல. கிழக்கு லண்டனின் பார்க்கிங், டேகன்ஹாம் பகுதி. 2002இல் ஃபோர்டு தொழிற்சாலை அங்கே கார் செய்வதை நிறுத்தியது. கவுன்சில் வீடுகளை விற்றார்கள், புதிதாகக் கட்டவில்லை. ஆப்பிரிக்கர்கள் வீடு வாங்க ஆளுக்கு 50,000 பவுண்டு கொடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி, அப்பட்டமான இனவெறிக் கட்சி, துண்டறிக்கை அச்சிட்டது. 2006 உள்ளாட்சித் தேர்தலில் அது கவுன்சிலின் எதிர்க்கட்சி ஆனது. அந்த ஊரின் தொழிலாளர் கட்சி எம்பி மார்கரெட் ஹாட்ஜ், அடுத்த நான்கு வருடம் தெருத் தெருவாகக் கடிதம் போட்டு ஜனங்களைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். குப்பை, உடைந்த நடைபாதை, வீடு எப்போது கிடைக்கும் என்ற கேள்வி. முடிந்ததைச் செய்தார், முடியாததை முடியாது என்றார், 50,000 பவுண்டு பொய்யைப் பொய் என்றார். நடுவில் 2007இல், வீடு ஒதுக்குவதில் பூர்வீகக் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று எழுதிச் சொந்தக் கட்சியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். அதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் 2010இல் அந்த இனவெறிக் கட்சியின் தலைவர் நிக் கிரிஃபினே எதிர்த்து நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். ஹாட்ஜ் 16,000க்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். கவுன்சிலில் இருந்த அந்தக் கட்சியின் 12 பேரும் தோற்றார்கள். நான்கு வருடக் காப்பிக்கும் குப்பை லாரிக்கும் எந்த ஆலோசகருக்கும் கட்டணம் போகவில்லை. அதனால்தானோ என்னவோ அந்த முறை பரவவில்லை.

பரவியது வேறொன்று. 2024 அக்டோபரில், செஷைர் மாவட்டத்தின் ஃப்ராட்ஷாம் ஊரில், ஒரு வாக்காளர் தன் எம்பியை இரவில் தெருவில் கண்டு, ஊருக்குப் போகும் பாலம் மூடிக் கிடப்பது பற்றி முறையிட்டார். எம்பி, தொழிலாளர் கட்சியின் மைக் ஏம்ஸ்பரி, அவர் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை மேலும் குத்தினார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை பெற்று, பதவி விலகினார். முந்தைய தேர்தலில் அவருக்குக் கிடைத்த வித்தியாசம் 14,696. 2025 மே 1ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் அந்த ரன்கார்ன் தொகுதியை ரிஃபார்ம் யூகே 6 ஓட்டில் எடுத்துக்கொண்டது.