போர்வைக்குள்ள ஒரு வானொலி நிலையம்

ஏலே பேராண்டி, இதழியல் படிக்கப் போன பய லீவுக்கு வந்து இப்படியா கிடக்கது? சித்திரை வெயில்ல ஃபேனை அமத்தி, கதவைச் சாத்தி, கம்பளியைத் தலையோட மூடிக்கிட்டுக் கிடக்கே. குளிர்காய்ச்சல்னு நெனச்சு உங்க ஆச்சி கசாயமே வச்சுட்டா. கேட்டா, பாட்காஸ்ட் பதியுதியாம். எதிரொலி விழப்படாதாம். சரிடா, எதிரொலி விழலை. கேக்க ஆளு விழுந்துச்சா?

கோவிக்காதே. நானும் கேட்டேன். வணக்கம் சொல்லி, மியூசிக் போட்டு, மறுபடி வணக்கம் சொல்லி, ஃபாலோ பண்ணுங்கன்னு கெஞ்சி முடிக்கவே பத்து நிமிசம். அதே பத்து நிமிசத்துல, அந்தக் காலத்துல, காலை ஏழேகாலுக்கு, டெல்லியில இருந்து ரேடியோவுல செய்தி வாசிச்ச சரோஜ் நாராயணசுவாமி உலகத்தையே ஒரு சுத்து சுத்திக் காட்டிருவா. கடைசியில தலைப்புச் செய்தியைத் திரும்பவும் வாசிப்பா. எதுக்கு? பிந்தி வந்தவனுக்கு.

1963ல திருநெல்வேலியில வானொலி நிலையம் வந்தப்ப நான் டவுசர் போட்ட பய. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழ ஊரே உக்காந்திருக்கும். பேப்பர்னா புரியலைன்னா மேல போய் ஒருக்கா படிச்சுக்கிடலாம். ரேடியோவுல போன சொல்லு போனதுதான். மாடு கறக்குதவளும் கேப்பா, வடை சுடுதவனும் கேப்பான். நீ என்னடான்னா, "நேற்றைய தினம் நடைபெற்ற கூட்டத்தில் கலந்துகொண்டு உரையாற்றிய அமைச்சர்"னு இழுக்கே. அமைச்சர் வாயைத் திறக்கதுக்குள்ள வடை கருகிப் போயிரும்லா?

அதுலயும் நீ வாசிச்ச தொகை இருக்கே, நாலு லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரத்து எண்ணூத்து அறுபத்துமூணு ரூவாயாம்! ஏறக்குறைய அஞ்சு லட்சம்னா நாக்கு சுளுக்கிருமா? காது என்ன கணக்குப்பிள்ளையா?

தப்பு வந்தா வெட்டிக்கிடலாம்ங்கே. நேரடியா செய்தி வாசிக்கவனுக்கு ஏதுடா கத்திரி? இருமல் வந்தாலும் முழுங்கணும். அந்தப் பயம் இருந்தாத்தான் எழுதும்போதே வெட்டத் தோணும். பாட்காஸ்ட்ங்கிற பேரே 2004லதான் பிறந்துச்சு, உனக்கு ரெண்டு மூணு வயசு மூப்பு. கேக்க காது அதுக்கும் முந்துன காதுதான்லே.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ புது மைக்கு வாங்கப் பணம் கேக்கே. தாரேன். அதுக்கு முந்தி, எழுதுனதை அடுப்படியில நின்னு ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டு. தாளிக்கிற சத்தத்துலயும் அவளுக்கு விளங்குச்சுன்னா ஊருக்கே விளங்கும். "என்னலே சொன்னே?"ன்னு அவ திருப்பிக் கேட்டா, கோளாறு மைக்குல இல்லை.

போ, முதல்ல அந்தக் கசாயத்தைக் குடி. தொண்டையாவது தெளியட்டும்.