கொலு ரயிலுக்குக் குரல் வைத்தல்: பண்ருட்டிப் பாதையை முன்வைத்து ஒரு பேராய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், ஒரு சாண் நீள ரயில் எஞ்சினுக்குள் ஒலி டிகோடர் என்னும் சின்னஞ்சிறு மின்தகட்டைப் பொருத்தி, அதைக் கூவவும் உறுமவும் பெருமூச்சு விடவும் வைக்கும் முறையை ஆராய்தல் நுதலிற்று. எல்லை: வடக்கே விழுப்புரம், தெற்கே சிதம்பரம், கிழக்கே கடலூர் துறைமுகம் சந்திப்பு, மேற்கே பண்ருட்டிப் பலாத்தோப்பு. காலம்: நவராத்திரி. கேட்போர்: சுண்டலுக்காகக் காத்திருப்போர். பயன்: ஏதுமில்லை. பயன் இல்லாத நூலுக்குப் பாயிரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பாயிரம் இல்லாவிட்டால் இதை ஆய்வு என்று யார் ஒப்புக்கொள்வார்கள் என்பதே விடை.

பண்ருட்டியை ஏன் எடுத்துக்கொண்டோம்? பலாவும் முந்திரியும் அந்த ஊரின் புகழில் முக்கால் பங்கைச் சாப்பிட்டுவிட்டன. மிச்சம் இருக்கும் கால் பங்கு பொம்மைக்கு உரியது. புரட்டாசி நெருங்கினால் தமிழ்நாட்டுக் கொலுப்படிகளில் ஏறி உட்காரும் மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் பண்ருட்டிச் சரக்குக்குத் தனி மரியாதை உண்டு. அந்தப் பொம்மைகளை வரிசையாகப் பாருங்கள். கல்யாண செட்டில் நாகஸ்வரக்காரர் கன்னம் உப்பி நிற்கிறார். தவில்காரர் கோலை ஓங்கியிருக்கிறார். கச்சேரி செட்டில் பாடகி வாயைத் திறந்தபடி, மிருதங்கக்காரர் தலையை ஆட்டியபடி. இத்தனை பேரும் சத்தம் போடும் தொழிலில் இருக்கிறார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு முணுமுணுப்பு வருவதில்லை. இதை ஒரு குறையாக எந்தக் கொலு வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. ஆனால் படிக்குக் கீழே, கேழ்வரகு முளைவிட்ட பார்க்கைச் சுற்றி ஓடும் ரயில் மட்டும் மௌனமாக ஓடட்டும், வந்திருக்கும் குழந்தை உடனே கேட்டுவிடும்: “மாமா, இது கூவாதா?”

ஆக, ஊமையாக இருக்கும் உரிமை நாகஸ்வரத்துக்கு உண்டு, ரயிலுக்கு இல்லை. இந்த ஆய்வு எழுந்ததே இந்த ஓரவஞ்சனையிலிருந்துதான்.

ரயிலுக்குக் குரல் கொடுப்பதில் மூன்று கட்சிகள் உள. முதலாவது வாய்க்கட்சி: குழந்தையே “கூ… சிக்குபுக்கு” என்று சொல்லிக்கொள்ளட்டும், செலவு மிச்சம் என்பது இவர்கள் கொள்கை. பழமையானது, சிக்கனமானது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சகிக்க முடியாதது. இரண்டாவது செல்போன் கட்சி: படிக்குப் பின்னால் போனை ஒளித்து வைத்து, ரயில் சத்தத்தை ஓடவிடுவார்கள். இதை மறுப்பது எளிது. ரயில் தெப்பக்குளத்தைத் தாண்டிப் போயிருக்கும், சத்தம் தசாவதாரத்தின் பின்னாலிருந்தே வரும். ரயில் நின்ற பிறகும் போன் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எஞ்சின் “ஹலோ” என்று கேட்கும். மூன்றாவது டிகோடர் கட்சி. குரல் எஞ்சினுக்குள்ளேயே இருக்க வேண்டும், வேகம் கூடினால் உறுமல் கூட வேண்டும், நின்றால் அடங்க வேண்டும் என்பது இவர்கள் சித்தாந்தம். நாம் இந்தக் கட்சி.

இனி டிகோடரின் இயல்பு. பழைய பொம்மை ரயிலில் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். எஞ்சினுக்குச் சொந்த புத்தி கிடையாது. டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் ஓடுகிறது. கட்டளைகளும் அதிலேயே ஏறிப் பயணம் செய்கின்றன. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தார் 1990-களில் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன் எழுத்திலக்கணம் நம்மவர்களுக்குப் புதிதல்ல: குறில், நெடில், அவ்வளவுதான். மின்சாரத்தின் திசை 58 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை மாறினால் ஒன்று. 100 மைக்ரோவிநாடி அளவுக்கு நீண்டால் பூஜ்யம். கண்ணிமைக்கும் நேரமே ஒரு மாத்திரை என்று வகுத்த தொல்காப்பியர் கணக்கில், ஒரே மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான குறில்களும் நெடில்களும் தண்டவாளத்தில் ஓடிவிடுகின்றன. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. தன் எண் வந்தால் மட்டும் காது கொடுக்கும். மற்ற எண் வந்தால் நமக்கென்ன என்று இருக்கும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பொருத்தும் முறைக்கு வருவோம். எஞ்சினைக் குப்புறக் கவிழ்த்து, அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்க வேண்டும். கழற்றிய திருகாணியைத் தட்டில் போடுவது உத்தமம், பாயில் வைப்பது மத்திமம், வாயில் கவ்வுவது அதமம். டிகோடரிலிருந்து நிறம் நிறமாகக் கம்பிகள் நீளும். சிவப்பும் கறுப்பும் வலது, இடது தண்டவாளங்களிலிருந்து மின்சாரம் வாங்குபவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொது. இந்தப் பொதுத் தரத்தைப் பின்பற்றுபவர்களிடம் இந்த வரிசை ஒன்றே. இதில் மட்டும் எந்தக் கட்சியும் இதுவரை பிளக்கவில்லை.

அபாயம் ஆரஞ்சு, சாம்பலில்தான் இருக்கிறது. பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டபடியே இருக்கும். அந்த உறவை முதலில் வெட்ட வேண்டும். தூரிகைக்குக் கீழே உள்ள செப்புத் தகட்டை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் மஞ்சள் நாடாவை ஒட்டி, மோட்டார் முனையில் மல்டிமீட்டரின் ஒரு ஊசியையும் சட்டத்தில் இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். பீப் என்று சத்தம் வந்தால் வேலை முடியவில்லை. பீப்பை அலட்சியம் செய்து தண்டவாளத்தில் ஏற்றினால், அரை விநாடியில் டிகோடர் கருகும். பத்தாயிரம் ரூபாயைத் தொடும் பொருள் அது. அந்தக் காசுக்குப் பண்ருட்டியில் தசாவதார செட் வாங்கியிருக்கலாம் என்பதை வீட்டில் யாராவது எடுத்துச் சொல்வார்கள். அதற்கு ஆய்வு தேவையில்லை.

அடுத்து, ஒலி எங்கே பிறக்க வேண்டும் என்ற பெரிய கேள்வி. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்று கூறும். டீசல் எஞ்சினுக்கும் இது பொருந்துகிறது. உந்தி என்பது அடிவயிற்றில் தொங்கும் எண்ணெய்த் தொட்டி. அங்கே ஒலிபெருக்கியை வைத்தால் ஒலி தரையில் மோதிக் கனமாக எழும். மிடறு என்பது நீண்ட மூக்குப் பகுதி. அங்கே வைத்தால் குரல் தெளிவாக வரும், ஆனால் மோட்டார் இடம் தராது. தலை என்பது ஓட்டுநர் அறை. அங்கே வைத்தால் ஓட்டுநர் பொம்மையை வேலைநீக்கம் செய்ய வேண்டும். பல்லும் நாவும் எஞ்சினுக்கு இல்லாததால், தொல்காப்பியர் அவற்றை வேறு யாருக்கோ சொன்னார் எனக் கொள்க.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெறும் ஒலிபெருக்கியை அப்படியே உள்ளே போட்டால் கொசு முனகுவதுபோல்தான் கேட்கும். சவ்வின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்பக்கத்தை ஒரு சிறு பெட்டியால் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அதே ஒலிபெருக்கி திடீரென்று ஆண்மகனாகப் பேசும். செல்போனுக்கென்று பிறந்து ரயிலுக்கு வாழ்க்கைப்பட்ட சிறு ஒலிபெருக்கி வகைக்கு, அளவை ஒட்டிச் சர்க்கரைக் கட்டி என்றே உலகெங்கும் பெயர். பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் வழியில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இருந்தாலும் ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒன்றிரண்டு தொடர்பில்லாத தகவல்கள் இருப்பது வழக்கம்.

“அளவு சுத்தம்” பேசும் பண்டிதர்களுக்கு இங்கே ஒரு பதில். ஹெச்.ஓ. எனப்படும் பரவலான மாதிரியில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர்; அது 287 மீட்டராகச் சுருங்கும். நான்கு மீட்டர் சுற்றளவுள்ள கொலுப் பாதையில் 72 சுற்று வந்தால் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிக்கொள்ளலாம். சரி, ஒலியையும் அப்படியே சுருக்கினால்? 300 ஹெர்ட்ஸில் ஊதும் ஹாரனின் அலைநீளத்தை 87-ஆல் வகுத்தால், அது 26,100 ஹெர்ட்ஸில் ஊத வேண்டிவரும். மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடும். நாய்க்கு அதற்கு மேலும் கேட்கும். அதாவது அளவு சுத்தமான ரயில் கூவினால் கொலு பார்க்க வந்த மாமிகளுக்கு ஒன்றும் கேட்காது. தெருமுனையில் படுத்திருக்கும் நாய் மட்டும் எழுந்து உட்காரும். ஆகவே உருவத்தைச் சுருக்கலாம், சுருதியைச் சுருக்கக் கூடாது என்பது சித்தாந்தம். தண்டவாள அகலத்தில் ஏற்கெனவே சுத்தம் போய்விட்டது என்பதையும் நினைவூட்டுவோம். ஹெச்.ஓ. பாதையின் 16.5 மில்லிமீட்டர், மேலைநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம். பண்ருட்டி பார்த்தது மீட்டர் கேஜும், பிறகு 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையும்தான். இரண்டுக்கும் நடுவே ஓர் அகலம் அந்த ஊருக்கு வந்ததே இல்லை.

கடையில் கிடைக்கும் டிகோடர்களின் மொழி இன்னொரு சங்கடம். அமெரிக்க வழக்கில் கட்டுப்பாட்டுக் கருவியின் 1-ஆம் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் மணி அடிக்கும்; 2-ஆம் பொத்தான் ஹாரன். நம் டீசல் எஞ்சின்கள் மணி அடித்து யாரும் கேட்டதில்லை. லெவல் கிராசிங்கில் நம் ஓட்டுநர் ஒரே நீள ஊதலாக ஊதுவார். அமெரிக்கர் நெடில், நெடில், குறில், நெடில் என்று கிட்டத்தட்ட யாப்பிலக்கணத்தோடு ஊதுவார். இப்படிப்பட்ட டிகோடரை மாட்டிய ரயில் பண்ருட்டி கேட்டைத் தாண்டினால், கேட்கீப்பர் பாஸ்போர்ட் கேட்பார். மணி மட்டும் கொலுவில் வீண்போகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தீபாராதனை நேரத்தில் 1-ஐ அழுத்திப் பாருங்கள், ரயிலுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. யாராவது பாட்டுப் பாட உட்கார்ந்தால் 8-ஐ அழுத்துவது நாகரிகம். பல டிகோடர்களில் அது வாயடைக்கும் பொத்தான். அது எஞ்சினுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பது அதன் குறைபாடு.

அப்படியானால் பண்ருட்டிக்கு உரிய குரல் எது? இதுவே ஆய்வின் மையம். இந்தப் பாதையின் கடைசி மீட்டர் கேஜ் காலத்தில் இழுத்தது ஒய்.டி.எம்.-4 டீசல். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. பிறகு வாரணாசியில் கட்டப்பட்டது. ஆறு சிலிண்டர் கொண்ட 251 வகை எஞ்சின். நின்றபடி ஓடும்போது அதன் துடிப்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். கிளம்பும்போது முதலில் சத்தம் எழும், பிறகு கரும்புகை எழும், அதற்கும் பிறகுதான் வண்டி நகரும். இந்தத் தாமதத்தை டிகோடரின் மூன்றாம் எண் அமைப்பில் கொண்டுவரலாம்: அதன் மதிப்பைக் கூட்டினால் எஞ்சின் உறுமிவிட்டு, யோசித்துவிட்டு, நகரும். அரசு அலுவலகக் கோப்பு நகர்வதைக் கண்டவர்களுக்கு மதிப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்களை 1969-இல் வாங்கிய இன்னொரு குறும்பாதை ரயில்வே உண்டு. அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து பனிமலை ஏறும் ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரயில்வே அது. அங்கே பதிவு செய்த ஒலியைப் பண்ருட்டி எஞ்சினில் ஏற்றினால் இலக்கணப் பிழை ஆகாது, பங்காளி உறவு. ஆனால் பங்காளி பங்காளிதானே. நம் பாதையிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் வெயிலில் ஓடிய எஞ்சினுக்குப் பனியில் ஓடியது குரல் கொடுத்தால் தொண்டை கட்டியதுபோல்தான் இருக்கும்.

பண்ருட்டி வழியாகச் சென்ற விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் 2006 இறுதியில் மூடப்பட்டது. 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதில் பெரிய ஆல்கோக்களும் ஓடின. இப்போது கம்பி போட்டு மின்சார எஞ்சின்கள் வந்துவிட்டன. அவை விசிறிச் சத்தத்தோடு வந்து விசிறிச் சத்தத்தோடு போகின்றன. கொலுவுக்கு அந்தச் சத்தம் வேண்டுமானால் டிகோடர் வாங்க வேண்டாம், டேபிள் ஃபேனைப் போட்டால் போதும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஜெர்மன் தயாரிப்பான லோக்சவுண்ட் போன்ற சில டிகோடர்களில், அதற்கான கருவியும் கணினியும் இருந்தால், நாமே பதிவு செய்த ஒலியை ஏற்றிக்கொள்ளலாம். ஹாரனுக்கு மூன்று துண்டு வேண்டும்: தொடக்கம், சுழற்சியில் ஓடும் நடுப்பகுதி, முடிவு. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை நடுப்பகுதி திரும்பத் திரும்ப ஓடும்; விட்டதும் முடிவு வரும்.

அந்த ஒலி கிடைக்கும் இடத்தையும் இவ்வாய்வு கண்டுபிடித்துவிட்டது. 1990-களில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம் பக்கம் ரயில்பாதை ஓரத்து மண்டபங்களில் கல்யாணம் நடந்தவர்கள் வீட்டுப் பரணில் வீடியோ கேசட் இருக்கும். தாலி கட்டும் நேரம் பார்த்து ஊதிய ரயிலை அன்று எல்லோரும் திட்டியிருப்பீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் அந்தக் கேசட்டை இறக்கி டிஜிட்டலாக மாற்றி வையுங்கள். முகங்கள் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. கெட்டிமேளம் கலக்காமல் நான்கு விநாடி ஹாரன் இருந்தால் போதும்.