யாரை முதலில் பார்ப்பது?

அனுப்புநர்:
ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
ஆண்கள் மெடிக்கல் வார்டு, நைட் டியூட்டி,
தமிழ்நாடு.

பெறுநர்:
மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில்,
சிகாகோ, அமெரிக்கா.

பொருள்: என்கிளெக்ஸ் என்னும் அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வு – ஐந்து மணி நேரம் – விட்ட கேள்விக்குத் திரும்பிப்போக அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

தங்கள் தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொள்கிறீர்கள். எனவே எந்தக் கேள்வியையும் இங்கே அவிழ்த்துவிடப் போவதில்லை. நீங்களே ஊரறிய வெளியிட்டிருக்கும் விதிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சிரிப்பதற்கு அவற்றிலேயே போதுமான சரக்கு இருக்கிறது.

குறை சொல்வதற்கு முன் நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் மேட்ரன் கற்றுக்கொடுத்த பாடம். ஆகவே முதலில் நன்றி. ஒரு காலத்தில் உங்கள் தேர்வு பென்சிலும் தாளுமாக இரண்டு நாள் நடந்தது, அதுவும் வருடத்துக்கு இரண்டே தடவை. 1994இல் கணினிக்கு மாற்றினீர்கள். 2020 தொடக்கம் வரைகூட 6 மணி நேரத்தில் 265 கேள்விகள் வரை வரலாம் என்ற நிலை இருந்தது. கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. 2023 ஏப்ரலிலிருந்து 5 மணி நேரம், குறைந்தது 85 கேள்விகள், மிஞ்சிப்போனால் 150. ஒரு கேள்விக்கு முழுசாக 2 நிமிடம். இவ்வளவு தாராளமான கடிகாரத்தின் மேல் எனக்கு எந்தப் பிராதும் இல்லை. என் பிராதெல்லாம் கதவின் மேல்தான். ஒரு கேள்வியைத் தாண்டியதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறதே, அந்தக் கதவு.

நாங்கள் தேர்வு எழுதிப் பழகிய விதம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கேள்வித்தாளை வாசிக்க மட்டுமே 10 நிமிடம் தருவார்கள். ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுத் தெரிந்ததை முதலில் எழுதுவோம். தெரியாததற்கு இடம் விட்டு வைப்போம். அடிஷனல் ஷீட் வாங்குவோம், மற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைப்பதற்காகவே சிலர் இன்னொன்றும் வாங்குவார்கள். கடைசி மணி அடித்து நூல் கட்டும் வரை விட்ட இடம் காத்திருக்கும். உங்கள் தேர்விலோ ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதில் சொல்லாமல் நகர முடியாது. சொல்லிவிட்டால் திரும்ப முடியாது. மூன்றாவது கேள்விக்கான விடை முப்பதாவது கேள்வியில் மின்னலடித்தால், அந்த மின்னலை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இப்போது என் வார்டுக்கு வாருங்கள். இரவு இரண்டரை மணி. 7ஆம் பெட்டில் டிரிப்ஸ் முடியப்போகிறது. 12ஆம் பெட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். 3ஆம் பெட்டின் அட்டெண்டர், "சிஸ்டர், அப்பாவுக்கு ஒரு போர்வை" என்று வந்து நிற்கிறார். லேபிலிருந்து போன் அடிக்கிறது. நான் 7இல் டிரிப்ஸ் வேகத்தைக் குறைத்து, "வந்துடறேங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு 12க்கு ஓடுகிறேன். பல்ஸ், பி.பி., ஆக்சிஜன், இ.சி.ஜி., டியூட்டி டாக்டருக்குப் போன். அவர் வந்து பார்க்க ஆரம்பித்ததும் மறுபடி 7. பிறகு லேப். பிறகு போர்வை. பிறகு மறுபடியும் 12, வலி குறைந்ததா என்று கேட்க.

இதே இரவு உங்கள் விதிப்படி நடந்தால் எப்படி இருக்கும்? எதிரே வந்த முதல் பெட் 7. அந்த டிரிப்ஸை மாற்றி முடிக்காமல் 12 கண்ணிலேயே படாது. 12ஐ ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் அதோடு சரி. வலி குறைந்ததா என்று கேட்கத் திரும்பிப் போனால் அங்கே பெட்டே இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி வகையே இதுதான்: "ஒரு செவிலியரின் பொறுப்பில் நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள். யாரை முதலில் பார்ப்பார்?" பயிற்சிப் புத்தகம் எதைப் புரட்டினாலும் விதவிதமான நால்வர் வரிசையில் நிற்கிறார்கள். யாரை முதலில், யாரைப் பிறகு, எதைத் தள்ளிப்போடலாம் என்று ஓயாமல் கேட்கிறீர்கள். எந்தக் கேள்வியை முதலில் பார்க்கலாம் என்று மட்டும் ஒருமுறைகூட எங்களைக் கேட்டதில்லை.

அந்த நான்கு பேரைப் பார்த்ததும் எங்களுக்கு வரும் பெருமூச்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கே பேரா! போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் கவுன்சிலும் வகுத்துத்தான் வைத்திருக்கிறது. அந்த விதி எங்கள் வார்டுக்குக் கிளம்பியதாகக் கேள்வி. இன்னும் வந்து சேரவில்லை. "ஆக்சிஜன் கொடு" என்று ஒரு விடை இருந்தால், சிலிண்டர் சாவி யாரிடம் இருக்கும் என்று எங்கள் மூளை தேடப் போய்விடுகிறது. "சிஸ்டர், அது என்கிளெக்ஸ் ஆஸ்பத்திரி. அங்கே எல்லாம் இருக்கும், கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள்" என்று கோச்சிங் சார் தலையில் அடித்துக்கொள்கிறார். அனுபவம் அதிகமானவளுக்கு நேரம் அதிகமாகச் செலவாகும் ஒரே தேர்வு உங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்தது, முடிவு எப்போது என்று தெரியாத விஷயம். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் உங்கள் கணினி எங்களை எடை போட்டு, சரியாகச் சொல்ல ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியாகப் பார்த்து எடுத்துப்போடுகிறது. கெட்டிக்காரிக்கும் கஷ்டம், சுமாரானவளுக்கும் கஷ்டம். உலகிலேயே இவ்வளவு சமத்துவமான கஷ்டம் வேறெங்கும் கிடைக்காது. 85ஐ முடித்தபின், தேறுவாள் அல்லது தேறமாட்டாள் என்று 95% உறுதியான நொடியில் திரை அணைந்துவிடும். பாஸானவளுக்கும் 85இல் அணையும், ஃபெயிலானவளுக்கும் 85இல் அணையும். இதனால் எங்கள் ஹாஸ்டல்களில் ஒரு புதிய சகுன சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. கடைசிக் கேள்வி கடினமாக வந்தால் சுபம். 86 வந்தால் கண்டம். தேர்வு முடிந்து மறுபடி பதிவு செய்ய முயலும்போது பதிவுத்தளம் பணத்தை வாங்க மறுத்தால் பரம சுபம். உண்மையில் 86ஆவது கேள்வி சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: கணினி இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆட்டம் நடக்கிறது. ஆனால் அந்த எண்ணைத் திரையில் பார்த்துத் தேறுவதற்கே ஒரு நிமிடம் ஓடிவிடுகிறது.

அந்த 85இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. நாளைய தேர்வுக்காக நீங்கள் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் அவை. எந்த 15 என்று சொல்வதும் இல்லை. நிமிடக் கணக்கில் பார்த்தால் எங்கள் நேரத்தில் அரை மணி. பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150 டாலரும் வரியும் கட்டிவிட்டு, அரை மணி நேரம் உங்களுக்குக் கூலியில்லாமல் வேலை பார்க்கிறோம். பயிற்சிக் காலத்திலேயே சம்பளமில்லா நைட் டியூட்டி பார்த்துப் பழகியவர்கள் என்பதால் எங்களுக்கு இது உறைப்பதில்லை.

இடைவேளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒன்று, மூன்றரை மணி நேரம் கழித்து இன்னொன்று. வெளியே போய்விட்டு வந்தால் உள்ளங்கை நரம்பைக் கருவியில் காட்டி, நான் நான்தான் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். கடிகாரம் மட்டும் இடைவேளை எடுத்துக்கொள்வதில்லை. பாத்ரூமா, இரண்டு கேள்வியா என்று எங்களை மிரட்டிப் பார்க்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டியை அடக்கிக்கொண்டே ஓட்டுகிற இனம் இது. இந்தப் போட்டியில் உங்களால் எங்களை ஜெயிக்க முடியாது.

தேர்வு அறைக்குள் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்கிறீர்கள். நர்ஸுக்கு அது நகை இல்லை, கருவி. 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. வாட்சைச் சொட்டு விழும் இடத்துக்கு நேராகப் பிடித்து, கால் நிமிடத்துக்குப் பத்து அல்லது பதினொன்று விழுகிறதா என்று எண்ணிச் சரிசெய்வோம். டிரிப்ஸ் பின்தங்கிவிட்டது என்று ரெகுலேட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் நோயாளிக்கு மூச்சு வாங்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நேரத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டாதே என்பது முதல் வருடப் பாடம்.

உங்கள் ஐந்து மணி நேரமும் அதே டிரிப்ஸ்தான். மணிக்கு 30 கேள்வி என்று சீராக விட்டால் 150 வந்தாலும் தாங்கும். ஒற்றைக் கேள்விகளை ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் முடித்தால், மிச்சம் ஆறாறு கேள்வியாக வரும் மூன்று கேஸ் ஸ்டடிகளுக்கு உதவும். கேஸ் ஷீட்டும் லேப் ரிப்போர்ட்டுமாகத் தாவித் தாவிப் படிப்பதற்கு அங்கேதான் நேரம் தேவை. நேரம் தீரும்போது 85 முடியாவிட்டால் நேராக ஃபெயில். முடிந்திருந்தால் அதுவரை சொன்ன பதில்களின்படி தீர்ப்பு. ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் ரெகுலேட்டரைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடை என்று தட்டிவிடுகிறவள், அதுவரை ஏறிய படிகளிலிருந்து தானே உருண்டு வருகிறாள். இதில் உங்களைக் குறை சொல்ல வழியில்லை. அது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒன்றை நீங்களும் படிக்க வேண்டும். கேஸ் ஸ்டடிகளுக்காக ஆறு படிகள் வகுத்திருக்கிறீர்கள்: அறிகுறிகளைக் கவனி, அலசு, எது முக்கியம் என்று வரிசைப்படுத்து, தீர்வுகளை யோசி, செயல்படு, விளைவை மதிப்பிடு. ஆறாவது படிக்கு எங்கள் வார்டில் ஒரே அர்த்தம்தான்: செய்ததோடு விட்டுவிடாமல் திரும்பிப் போய்ப் பார். முந்தைய பதிலை வைத்துத்தான் கணினி அடுத்த கேள்வியை எடுக்கிறது, திருத்தவிட்டால் கணக்கு குழம்பும் என்பீர்கள். நோயாளியும் நாங்கள் முந்திச் செய்ததை வைத்துத்தான் அடுத்த நிலைக்குப் போகிறார். அங்கே திரும்பிப் போய்த் திருத்தாவிட்டால்தான் கணக்கு குழம்புகிறது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. ஒருவருக்கு மூன்றே மூன்று கேள்விகளுக்காவது "வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வர அனுமதி.

2. மதிப்பெண் இல்லாத 15 கேள்விகளுக்கு அரை மணி நேரக் கூலி. டாலரில் முடியாவிட்டால் ஒரு டீயும் வடையும்.

3. 86ஆவது கேள்விக்கு மேலே, "பயப்படாதேம்மா, இன்னும் முடிவாகவில்லை" என்று ஒரு வரி.

4. உங்கள் 95% விதியை எங்கள் டியூட்டி ரோஸ்டருக்கும் விரிவுபடுத்த வேண்டும். இவள் நல்ல நர்ஸ்தான் என்று 95% உறுதியானதும், விடிய எத்தனை மணி நேரம் இருந்தாலும், எங்கள் டியூட்டியும் அந்த நொடியே அணைந்துவிட வேண்டும்.

இந்த நான்கில் எதை முதலில் எடுப்பது என்று திணற வேண்டாம். நான்கும் ஒரே தாளில் இருக்கின்றன. பிடித்ததை முதலில் பாருங்கள், பிடிக்காததை விட்டுவைத்துப் பிறகு வாருங்கள், முடிவை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அந்த வசதி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டாஃப் நர்ஸ்.