கற்பிட்டியின் இரவுநேர ஊழியர்: விளக்குமீனின் பணிநிலை பற்றிய ஓர் ஆய்வு

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக்கு வரும் உல்லாசப் பயணி, விடிந்ததும் வள்ளமேறிப் போய், சுழன்று துள்ளும் டொல்பின்களைப் படம்பிடித்துத் திரும்புகிறார். அவை எதைத் தின்று இப்படித் துள்ளுகின்றன என்று அவர் கேட்பதில்லை. ஆராய்ந்தால், படகுக்காரர் முதல் ஹோட்டல்காரர் வரை எல்லோருடைய வருமானத்துக்கும் அடியில், சம்பளப் பட்டியலில் பெயரில்லாத ஓர் ஊழியர் இருப்பது புலனாகும். நெத்தலியைவிடச் சற்றே தடித்த விளக்குமீன்தான் அவர். சுமார் 250 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம்.

பகலெல்லாம் பல நூறு மீற்றர் ஆழத்து இருட்டில் கிடக்கும், பொழுதுபட்டதும் மேலேறி மிதவையுயிரிகளை மேயும், விடியுமுன் இறங்கிவிடும். டொல்பின் இரவில் முழுகித் தேடுவது இதையும் கணவாயையும்தான். 1942இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஒலியலை விட்டுப் பார்த்தவர்களுக்குக் கடலின் அடித்தளம் பாதி வழியிலேயே தட்டுப்பட்டது. இரவில் அந்தத் தளம் எழுந்தும் வந்தது. பிறகுதான் அது விளக்குமீன்களும் சேர்ந்த உயிர்க்கூட்டம் என்று தெரிந்தது. 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் மேற்பரப்பை மட்டுமே காவல் காத்தார்கள். கீழிருந்து இரவுதோறும் ஏறிய படையை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இனி மின்சாரப் பிரச்சினை. விளக்குமீனின் வயிற்றுப்புறத்தில் வரிசையாக ஒளியுறுப்புகள். மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்துக்கு ஈடாக அவற்றை எரியவிட்டுத் தன் நிழலுருவைக் கீழே இருப்பவரிடமிருந்து மறைத்துக்கொள்ளும். அதே கரையில், நுரைச்சோலையில், 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அங்கே பழுதென்றால் அமைச்சர் விளக்கம் சொல்வார். விளக்குமீனுக்குப் பழுதென்றால் விளக்கம் கேட்க ஆளிருக்காது; தின்றவர் போயிருப்பார்.

தன் வயிற்றுப்பாட்டுக்கு ஏறிவருவதை ஊழியம் எனலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வேறு எதற்காக யார் வேலைக்குப் போகிறார்? இந்தப் பதவிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. ஒரு சலுகை மட்டும் உண்டு: நிலவு முழுதாய் எரியும் இரவுகளில் பல இனங்கள் மேற்பரப்புவரை வருவதில்லை. அதாவது போயா விடுமுறையை அனுசரிக்கின்றன. போயா லீவென்று கொழும்பிலிருந்து டொல்பின் பார்க்க ஆட்கள் புறப்படுவதும் அன்றைக்குத்தான்.